காற்றாலைக்கு இழுகம்பி ஏன் கட்டுவதில்லை?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

அம்பேவெலயில் நிற்கும் காற்றாலைகளுக்கு ரேடியோக் கோபுரங்களைப் போல இழுகம்பி (கோபுரத்திலிருந்து சரிவாகத் தரைக்கு இழுத்துக் கட்டும் கம்பி) கட்டினால் பாதுகாப்புக் கூடாதா என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பெரிய காற்றாலைக்குக் கம்பி கட்டினால் கூடுவது ஆபத்துத்தான்.

முதல் தடை இறக்கை. மன்னார் தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் உள்ளவை ஒவ்வொன்றும் 3.45 மெகாவோட், இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். அப்படியொன்றை 90 மீற்றர் கோபுரத்தில் ஏற்றினால் இறக்கை நுனி தரையிலிருந்து 27 மீற்றர் வரை இறங்கி வரும். கம்பியை அதற்குக் கீழேதான் கட்டலாம். பின்பக்கம் உயரக் கட்டலாமே என்றால், தென்மேல் காற்றுக்கு ஒரு பக்கமும் வடகீழ்க் காற்றுக்கு எதிர்ப்பக்கமுமாக, இறக்கைகள் பூட்டிய தலை திரும்பிக்கொண்டே இருக்கும். நிலையான பின்பக்கம் என்று ஒன்று கிடையாது.

செக்கனுக்கு 9 மீற்றர் வேகக் காற்றே அந்த வட்டத்தை ஏறக்குறைய 50 தொன் விசையோடு தள்ளும். அந்த விசை விழுவது உச்சியில். 27 மீற்றரில் கம்பி கட்டினாலும் அதற்கு மேலே 63 மீற்றர் கோபுரம் தனியாகத்தான் வளைவைத் தாங்க வேண்டும். அங்கே உருக்குத் தகட்டைக் குறைக்க வழியில்லை. போதாததற்கு, கம்பியின் இழுவை கோபுரத்தைக் கீழ்நோக்கி அமுக்கும். ரேடியோக் கோபுரத்தின் உச்சியில் இவ்வளவு பெரிய தள்ளல் இல்லை, சுழலும் பொருளும் இல்லை. ஆகவே கம்பியை உச்சிவரை பல தட்டுகளில் கட்ட முடிகிறது.

அதிர்வையும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் செக்கனுக்கு 0.2 தடவை, மூன்று இறக்கைகளும் கோபுரத்தைக் கடப்பது 0.6 தடவை. கோபுரத்தின் இயல்பான ஆட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே, 0.3 அளவில் நிற்கும்படி தகட்டின் தடிப்பைக் கணிப்பார்கள். கம்பி தளர்ந்தால் அந்த எண் மாறிவிடும். ஆட்டமும் சுழற்சியும் ஒத்துப்போனால் பற்றவைத்த இடங்களில் வெடிப்பு விழத் தொடங்கும்.

நமது மலைகளில் இதைவிடப் பெரிய கவலை மண். கம்பிக்கு மூன்று நான்கு திசைகளில், கோபுர உயரத்தில் பாதிக்கும் மேற்பட்ட தூரத்தில் நங்கூரம் வேண்டும். மலைமுகட்டில் அப்படி விரித்தால் ஒன்று தேயிலைச் சரிவிலும் இன்னொன்று தெருவோரத்து மண்மேட்டிலும் போய் விழும். மாரியில் மண் சற்று நகர்ந்தாலே ஒரு கம்பி தளர, மற்றக் கம்பிகள் கோபுரத்தைத் தம் பக்கம் இழுக்கும். தனித்து நிற்கும் கோபுரமோ 15 முதல் 20 மீற்றர் அகலமான ஒரே கொங்கிரீட் அடித்தளத்தில் போல்ட் வளையத்தால் இறுகி நிற்கிறது. அந்த ஒரு இடத்தின் மண்ணைத் துளையிட்டுச் சோதித்தார்களா, மழைநீர் வடிகால் எங்கே போகிறது என்பதையே நாம் கேட்க வேண்டும்.

தோட்டத்துக்கு மின்சாரம் எடுக்கும் சிறிய காற்றாலைகளுக்கு இழுகம்பி சரியான வழி. இறக்கை ஒன்றரை மீற்றர், குழாய் 18 மீற்றர் என்றால் உச்சிக்குக் கிட்டவே கட்டலாம். நான்கு திசையில் கட்டுங்கள். முதல் பெருமழைக்குப் பின் இழுவையைக் கட்டாயம் பாருங்கள். மடித்த கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியில், யூ-போல்ட்டின் வளைவு கம்பியின் வெட்டிய முனைப் பக்கம் இருக்க வேண்டும். பாரம் தாங்கும் பக்கம் போட்டால் அது கம்பியை நசுக்கி, அங்கேயே அறுத்துவிடும்.

கட்டமைப்புப் பொறியியலாளர்,
நுவரெலியா