நெல் நனையும் முன் சேதி வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாண்மையில் கைப்பேசியின் பயன் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். புதிய செயலிகளை வரவேற்கும் அக்கட்டுரை, ஒரு தகவல் எப்போது உணவைக் காக்கிறது, எப்போது காக்கத் தவறுகிறது என்பதையும் சற்று ஆராய்ந்திருக்கலாம் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

1997 ஜனவரி 14 அன்று கேரளத்தின் வடகராவில், வாங்க ஆளில்லாததால் 11 மீனவர்கள் தாங்கள் பிடித்து வந்த மத்தியை வீணே கொட்டினார்கள். அதே நாளில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இது பதிவாகியிருக்கிறது. 1997 தொடங்கி வடகேரளக் கரையோரம் கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. அவற்றின் அலை கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியதால், கரையில் என்ன விலை போகிறது என்று படகிலிருந்தே கேட்டு, விலை கிடைக்கும் இடத்துக்குப் படகைத் திருப்ப முடிந்தது. பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிவந்தது ஏறக்குறைய அறவே நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது; வாங்குவோருக்கோ விலை 4 சதவீதம் குறைந்தது. மத்தி எளிய வீடுகளின் மீன் என்பதால் அந்த 4 சதவீதத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

கேட்ட விலைக்கு ஏற்பப் படகைத் திருப்ப முடிந்ததால்தான் அங்கே தொலைபேசி பயன்பட்டது. காவிரிப் படுகையில் குறுவை அறுத்து, வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் வேளையில் களத்தில் நெல்லைக் குவித்து வைத்திருக்கும் விவசாயிக்கு வெளிச்சந்தை விலை நிலவரத்தை அனுப்பி என்ன பயன்? அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இருக்கிறதா, எடை போட்ட மூட்டைகளை ஏற்றிச் செல்ல லாரி வந்ததா, தன் முறை என்றைக்கு வரும், 17 சதவீதம் என்ற ஈரப்பத வரம்பில் இப்போது தளர்வு உண்டா என்பவையே அவருக்குத் தேவை. இவை முந்தின நாள் மாலையே தெரிந்தால் அறுப்பு இயந்திரத்தை இரண்டு நாள் தள்ளி வரச் சொல்லலாம். தார்ப்பாய் வாடகைக்கும் காவலுக்கும் செலவிடாமல் நெல்லை வீட்டுத் திண்ணையிலேயே காய வைக்கலாம்.

நெல் விற்கப் பதிவு செய்தவருக்குக் குறுஞ்செய்தி வருகிறதே என்று சொல்லலாம். எங்கள் பக்கம் பல வீடுகளில் பதிவு செய்து கொடுத்தவர் மகன் என்பதால், அவருடைய எண்ணே பதிவேட்டில் இருக்கிறது. அவரோ திருப்பூரில் வேலையில் இருக்கிறார். களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கும் தாய்க்குச் சேதி வந்து சேர்வதே இல்லை. உழவில் பாதிக்கு மேல் பெண்கள் தோளில் இருக்கும் ஊர்களில் இதைச் சிறு குறையாக ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்றான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே மீனவர்களுக்கு அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், கைப்பேசி இல்லாதவருக்கும் சேதி ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆகவே, வரும் குறுவை அறுவடைக்கு முன்பாகவே ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தின் சாக்கு இருப்பையும் மறுநாள் வரிசையையும் மாலை 6 மணிக்குக் குரல் அழைப்பாகவும் ஊராட்சி ஒலிபெருக்கியிலும் அறிவிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். பதிவின்போது களத்தில் இருப்பவரின் எண்ணையும் சேர்த்து வாங்க வேண்டும். தங்கள் செய்தியாளர்கள் படுகை மாவட்டங்களின் கொள்முதல் நிலையங்களுக்கு நேரில் சென்று, அங்குள்ள அறிவிப்புப் பலகையில் என்றைய தேதி இருக்கிறது என்று பார்த்து எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.