ஆயிரம் மில்லிகிராம் எதற்கம்மா?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை. இன்னொன்று முகத்துக்குப் பூசும் வைட்டமின் சி சீரம். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயாக இருக்குமோ என்று வேறு கேட்டிருக்கிறாய். திருவல்லிக்கேணியில் மருந்துக்கடை நடத்தியவனிடம் கேட்டுவிட்டாய். பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் பெர்லினிலேயே ஒரு பல் மருத்துவரிடம் போ. ஈறில் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் பல்லடியில் படியும் காரைதான். ஸ்கர்வி என்றால் அது தனியாக வராது. உடம்பு ஓய்ந்துபோகும், மூட்டு வலிக்கும், காலில் முடியின் வேரைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், ஆறிப்போன புண்கூட மறுபடி வாய் பிளக்கும். வைட்டமின் சி அறவே இல்லாமல் ஒன்று முதல் மூன்று மாதம் ஓடினால்தான் அந்த நிலை. நீ சமைப்பதே இல்லை என்று அம்மா புலம்பினாலும், வாரத்தில் பாதி நாள் வைட்டமின் சி உள்ள உருளைக்கிழங்கு சாப்பிடுகிறவளுக்கு அது அவ்வளவு எளிதில் வராது.

ஸ்கர்வியில் ஈறு ஏன் அடிவாங்குகிறது என்று கேட்டிருந்தாய். ஈறு, தோல், ரத்தக்குழாய், எலும்பு எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் கயிறு திரித்ததுபோல முறுக்கிக்கொண்டால்தான் அதற்கு வலு. அந்த முறுக்கு கலையாமல் நிற்க, இழையிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி சற்றே மாற்றியமைக்க வேண்டும். நொதிக்குள் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பு வேலை செய்யும் நிலையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது வைட்டமின் சி. ஆடும் மாடும் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கு அதற்கான மரபணு பழுதாகிவிட்டது. சாப்பாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு.

ஆனால் எவ்வளவு வேண்டும்? ஸ்கர்வியைத் தடுக்க நாளுக்கு 10 மில்லிகிராம் போதும். 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட பரிந்துரை பெண்களுக்கு 65, ஆண்களுக்கு 80. ஒரே வேளையில் 200 வரை கொடுத்தால் குடல் ஏறக்குறைய முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். கிராம் கணக்கில் போனால் பாதிக்கும் குறைவுதான் உள்ளே போகும். அதிலும் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறும். கொரோனா நாட்களில் இந்த மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கிப் போனார்கள். சொன்னால் யார் கேட்டார்கள்? சளியை அது வரவிடாமல் தடுப்பதில்லை. தினமும் சாப்பிட்டு வருபவர்களுக்குச் சளி சற்றுச் சீக்கிரம் விடும், அவ்வளவுதான். உன் பெரியப்பாவைப்போல சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக அளவைத் தொடவே கூடாது. மிஞ்சியதில் ஒரு பகுதி, கல்லாகப் படியும் ஆக்சலேட்டாக மாறும்.

வைட்டமின் சி பல வடிவங்களில் வருகிறது. வெறும் அஸ்கார்பிக் அமிலம் புளிப்பு. வயிறு எரிகிறவர்களுக்குக் கால்சியம் அஸ்கார்பேட் ஒத்துக்கொள்ளும். அது உருப்படியான மாற்று. நுரைக்கும் மாத்திரையில் நுரைக்காகச் சோடியம் பைகார்பனேட் சேர்ப்பார்கள். சோடியம் ரத்தக்கொதிப்புக்கு ஆகாது, அது இருக்கும் அம்மாவுக்கு இந்த மாத்திரையை வாங்கி அனுப்பிவிடாதே. எண்ணெயில் கரையும் அஸ்கார்பில் பால்மிடேட் என்று ஒன்று உண்டு. எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை பிடிக்காமலிருக்கச் சேர்ப்பது. பொட்டலத்தில் இ304 என்று போட்டிருந்தால் அதுதான். அதைப் பார்த்துவிட்டுச் சிப்ஸ் சத்தானது என்று வாதாட வராதே.

சீரம் விஷயத்துக்கு வருகிறேன். தூய அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க வேண்டுமென்றால் கரைசல் நல்ல புளிப்பாக இருக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறி வீணாகும். அதனால்தான் கெடாமல் நிற்கும் சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். தோலுக்குள் போய் அது மறுபடி அஸ்கார்பிக் அமிலமாக வேண்டும்; எவ்வளவு ஆகிறது என்பதற்குத் தூய அமிலத்துக்கு இருக்கும் அளவு சான்று இல்லை. சேர்மானப் பட்டியலில் அதிகம் இருப்பதுதான் முன்னால் வரும்; உன் புட்டியில் அதன் பெயர் வாசனைப் பொருளுக்கும் பின்னால் அச்சாகியிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே இருப்பது துளிதான். முகத்தில் பூசுவது ஈறுக்கு எட்டாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இங்கே மயிலாப்பூர் குளத்தோரம் தள்ளுவண்டியில் கொய்யாவை நாலாகக் கீறி மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவிக் கொடுப்பார்களே, அதில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அங்கே கொய்யா விலை கட்டாது. சிவப்புக் குடைமிளகாய் வாங்கு. 100 கிராமில் 100 மில்லிகிராமுக்குக் குறையாது. வைட்டமின் சியைக் கண்டறிந்து 1937இல் நோபல் பரிசு பெற்ற சென்ட்-ஜியோர்ஜியே ஹங்கேரியில் மிளகாயிலிருந்துதான் அதைக் கிலோ கணக்கில் பிரித்தெடுத்தார். வதக்காமல் பச்சையாக நறுக்கிச் சாப்பிடு. சூடும் தண்ணீரும் இந்தச் சத்துக்கு ஆகாது. பாட்டி ரசத்தை இறக்கி வைத்த பிறகே எலுமிச்சை பிழிவாள்; கசந்துவிடும் என்பது அவள் சொன்ன காரணம், சத்தும் தப்பித்தது.

அம்மாவுக்கு இப்போது இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாக உடம்பில் சேரும் என்றேன். அவள் ஃபில்டர் காபியோடு விழுங்குகிறாள். காபி இரும்பைச் சேரவிடாது. நான் சொன்னால் எடுபடவில்லை, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ சொல்.

மாத்திரையைப் பிரித்திருந்தால் முடியும்வரை பாதியாக உடைத்துப் போட்டுக்கொள், புதிதாக வாங்காதே. சீரத்தைத் திறக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடு. பல் மருத்துவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
அப்பா