பென் டிரைவில் வந்த மேஜிக்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வகுப்புகள் பற்றித் தங்கள் வேலூர் பதிப்பில் வந்த செய்தியில், நகரில் நடக்கும் ஒரு மேஜிக் பயிற்சியையும் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் கைபேசியை வைத்துவிட்டுக் கைவித்தை பழகுவது நல்ல செய்திதான். ஆனால் அதில் ஒரு வரி இருந்தது: சேரும் மாணவர்களுக்கு வெளிநாட்டு மேஜிக் கலைஞர்களின் பயிற்சி வீடியோக்கள் அடங்கிய பென் டிரைவ் இலவசம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பள்ளி ஆண்டு விழாக்களிலும் பிறந்தநாள் வீடுகளிலும் மேஜிக் ஷோ நடத்துபவன் நான். அப்படிப்பட்ட பென் டிரைவில் என்ன இருக்கும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். யாரோ விலை வைத்து விற்றுக்கொண்டிருக்கும் ஐட்டத்தை, அதாவது ஒரு வித்தையின் பயிற்சி வீடியோவை, ஒருவர் வாங்கி டெலிகிராமில் போடுகிறார். அங்கிருந்து அது ஊர் ஊராகப் போகிறது. உருவாக்கியவருக்கு ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. இதைப் பரிசு என்று சொல்லிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது.

“ஒரு வரி ரகசியத்துக்கா இவ்வளவு காசு?” என்று கேட்பவர்கள் உண்டு. ரகசியம் பெரும்பாலும் ஒரு வரிதான். பார்ப்பவரின் கண் எந்த நொடியில் எங்கே போகும், அப்போது கை எங்கே இருக்க வேண்டும், பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும், எந்தப் பேச்சோடு சேர்த்தால் சந்தேகம் வராது என்று பல முறை செய்து, சபையில் தோற்று, திருத்தி, அதன் பிறகுதான் ஒருவர் அதை விற்பனைக்கு வைக்கிறார். விலை அந்த உழைப்புக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 1994 திருத்தத்தில் நிகழ்த்துக் கலைஞர்களின் உரிமையைச் சேர்த்தபோது நடிகர், பாடகர், நடனக் கலைஞர் வரிசையில் மாயவித்தைக்காரரையும் பாம்பாட்டியையும்கூடப் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். இது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே அதிகம் தெரியாது. அனுமதியில்லாமல் ஒரு ஷோவைப் படம்பிடித்து விற்றால் தடுக்க அந்தக் கலைஞருக்கு உரிமை உண்டு. அது 50 ஆண்டுகள் நிற்கும். பயிற்சி வீடியோ ஒரு படைப்பு. தெரிந்தே அதன் உரிமையை மீறுபவருக்கு 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. ஆக, அந்தப் பென் டிரைவ் சட்டப்படியே தவறு.

சட்டம் கைவிடும் இடம் வேறு. வித்தையின் உள்ளே இருக்கும் உத்தியை அது காப்பதில்லை. வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வீடியோவை நகலெடுக்காமல், அதில் உள்ள உத்தியை மட்டும் எடுத்து இன்னொருவர் தன் பெயரில் விற்றால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். சரி, புதிய கருவிக்கு வாங்குவதுபோல பேட்டன்ட் வாங்கலாமே என்றால், அதற்கு ரகசியத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவை யாரும் படிக்கலாம். ஹொரேஸ் கோல்டின் என்ற புகழ்பெற்ற கலைஞர், பெண்ணை இரண்டாக அறுக்கும் தன் வித்தைக்கு 1923-இல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு சிகரெட் கம்பெனி அந்த ரகசியத்தை விளம்பரத்திலேயே போட்டுவிட்டது. கோல்டின் வழக்குப் போட்டார், 1938-இல் தோற்றார். ஏற்கெனவே ஊருக்குத் தெரியும்படி பதிந்த ஒன்று எப்படி ரகசியமாகும்?

ஜெயித்தவரும் உண்டு, டெல்லர் என்ற அமெரிக்கக் கலைஞர். பூவின் நிழலைக் கத்தியால் வெட்ட, நிஜப் பூவின் இதழ்கள் உதிரும் அவருடைய வித்தையைப் போலவே ஒன்றைச் செய்து, ஐரோப்பியர் ஒருவர் 2012-இல் யூடியூபில் போட்டு ரகசியத்தை விற்கப் பார்த்தார். 2014-இல் தீர்ப்பு டெல்லருக்குச் சாதகமாக வந்தது. அதுவும் உத்திக்காக அல்ல. அந்தக் காட்சியை அவர் 1983-லேயே பேச்சில்லா நாடகமாகப் பதிப்புரிமைக்குப் பதிந்து வைத்திருந்ததால். குடியாத்தத்தில் இருந்துகொண்டு ஐட்டம் யோசிப்பவர் இந்த வழிக்கெல்லாம் எங்கே போவார்? அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, சக கலைஞர் காசு கொடுத்து வாங்குவதுதான்.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் வேலை அறிந்த கைகள் எத்தனை இருக்கின்றன! வித்தை காட்டுவதற்கென்றே செய்யும் மேஜிக் பர்ஸ் உலகம் முழுவதும் நல்ல விலைக்குப் போகும் சரக்கு. நம் பையன் ஒருவன் நாளை புதிதாக ஒன்றை வடிவமைத்தால், முதல் பத்துப் பர்ஸ் விற்பதற்குள் நகல் சந்தைக்கு வந்துவிடும் என்ற பயத்திலேயே அவன் விட்டுவிடுவான். தொழிலை வளரவிடாமல் செய்வது இந்தப் பயம்தான்.

ரகசியத்தை வெளியே சொல்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ‘மந்திரமா? தந்திரமா?’ என்று ஊர் ஊராக நடத்திய நிகழ்ச்சிகளை நான் மதிக்கிறேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீர் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் எல்லா வீட்டிலும் அறிவார்கள். அதையே ரத்தம் என்று காட்டி ஒருவன் நோயாளியிடம் பணம் பறித்தால் குட்டை உடைக்கத்தான் வேண்டும். வாயில் சூடம் கொளுத்துவதும், கையிலிருந்து விபூதி வரவழைப்பதும் அந்தக் கணக்கில்தான். அங்கே ரகசியம் ஏமாற்றுக்குக் கவசம். மேடையில் நிற்கும் கலைஞனோ “இது மேஜிக்” என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறான்.

விலை ஒரு நியாயமான கவலை. பத்து, இருபது, முப்பது டாலர் என்று விற்கும் வீடியோவை லுங்கி நெய்யும் வீட்டுப் பிள்ளை எப்படி வாங்கும்? வாங்க வேண்டியதே இல்லை. மூன்று கிண்ணங்களை வைத்துச் செய்யும் செப்படி வித்தை யாருக்கும் சொந்தமில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமில் செனெகா என்ற தத்துவ அறிஞர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கயிறு, நாணயம், கைக்குட்டை, சாதாரணச் சீட்டுக்கட்டு என்று ஆயுள் முழுக்கப் பழகினாலும் தீராத பொதுச் சொத்து இருக்கிறது. மேஜிக் புத்தகங்கள் வாங்கச் சொல்லி மாவட்ட மைய நூலகத்தில் கேட்கலாம். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு கருவியை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதிலும், பழசானதை அடுத்தவருக்கு விற்பதிலும் எனக்குத் தவறு தெரியவில்லை. அங்கே ஒரு பொருள்தான் கை மாறுகிறது. நகல் ஒன்று நூறாவதுதான் பிரச்சினை.

அந்தப் பயிற்சியை நடத்துபவருக்கு இந்தக் கடிதம் கண்ணில் படும் என்று நம்புகிறேன். பென் டிரைவை நிறுத்திவிட்டு, செப்படி வித்தையும் கயிறு வித்தையும் சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். சம்பளம் வேண்டாம். கிண்ணங்களும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மேஜிக் கலைஞர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.