லொறி சீறினால் நிறுத்திக் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

நெல் அறுவடை தொடங்கிவிட்டால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வரும் லொறிகள் எங்கள் கராஜைத் தாண்டி இரவு பகலாக ஓடும். அதில் சில லொறிகள் முழுப் பாரத்தோடு சீறிக்கொண்டே போவது, உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் எனக்கே கேட்கும். ரயருக்குக் காத்தடிக்க நிற்கிறவர்களிடம் "என்ன தம்பி, காத்து லீக் அடிக்குதே" என்றால், "அது கனநாளா அப்படித்தான் அண்ணன், பிறேக் பிடிக்குதுதானே" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனது பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

காத்தின் அழுத்தத்தால் வேலை செய்யும் எயார் பிறேக்கில் எல்லாச் சத்தமும் பழுதில்லை. டேங்கில் காத்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 120 றாத்தல் அளவுக்கு ஏறியதும், கொம்பிரசர் காத்து நிரப்புவதைக் கவர்னர் வெட்டும், அப்போது காத்தின் ஈரத்தை எடுக்கும் எயார் டிரையர் ஒருதரம் 'ப்ஸ்' என்று தண்ணீரையும் சேர்த்துத் துப்பும். மிதித்த காலை எடுத்தாலும், ஹேண்ட் பிறேக்கை இழுத்தாலும் ஒருதரம் மூச்சு விடும். இவை வந்ததும் நின்றுவிடும். நிற்காமல் வருவதும், வரவேண்டியதற்கு மேல் அடிக்கடி வருவதும்தான் பழுது. மட்டமான வீதியில் பிறேக்கைத் தொடாமலே போகும்போது அரை நிமிடத்துக்கு ஒருதரம் அந்த 'ப்ஸ்' கேட்டால், எங்கோ காத்து போகிறது, கொம்பிரசர் ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் கவர்னரிலோ, காத்தைத் திரும்ப விடாமல் பிடிக்கும் செக் வால்விலோ கோளாறு.

சத்தம் எங்கே வருகிறது என்று தேடுவதற்கு முன், எப்போது வருகிறது என்று பாருங்கள். எதையும் தொடாமலே சீறினால் டேங்க், பைப், ஜொயின்ற் பக்கம். மிதிக்கும்போது மட்டும் சீறினால் சில்லுக்குப் போகும் ஹோஸ் அல்லது காத்தை வாங்கிப் பிறேக்கைத் தள்ளும் சேம்பருக்குள் இருக்கும் றப்பர். சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சவர்க்காரத் தண்ணீரோடு ஒரு சுற்று வந்தால் போதும், நுரை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நுரையையும் ஏமாற்றுகிற பழுது ஒன்று இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒருவர் லொறியைக் கொண்டுவந்தார். பின் சில்லுகளின் பிறேக்குக்குக் காத்தை விடும் றிலே வால்வின் கீழ் வாயால் காத்து வந்துகொண்டே இருந்தது. வேறொரு இடத்தில் அந்த வால்வை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள், இரண்டும் புதுச் சாமான், சத்தம் மட்டும் போகவில்லை. பாவம், அந்த மனுசன் கடன்பட்டு மாற்றியிருக்கிறார். நான் செய்தது ஒன்றுதான், ஹேண்ட் பிறேக்கை இழுத்துப் பார்த்தேன். சீறல் நின்றது. விட்டேன், திரும்பவும் தொடங்கியது. வால்வில் பழுதென்றால் ஹேண்ட் பிறேக்கை இழுத்தாலும் சீறியிருக்கும். இது பின் சில்லில் இருக்கும் ஸ்பிறிங் சேம்பரின் வேலை. அதற்குள் இரண்டு அறை உண்டு. ஹேண்ட் பிறேக்கை விடும்போது பின் அறையில் காத்து நிறைந்து ஸ்பிறிங்கை அமுக்கிப் பிடிக்கும், அந்தக் காத்து போனால் ஸ்பிறிங் விரிந்து பிறேக்கைப் பிடித்துவிடும். நடுவில் இருக்கும் சீல் தேய்ந்துபோனால் அந்தக் காத்து முன் அறைக்குள் புகுந்து, ஹோஸ் வழியே பின்னோக்கி வந்து, வால்வின் வாயால் வெளியேறும். வால்வு வழிவிடுகிறதே தவிர, அதில் குற்றமில்லை. சில்லுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிறேக்கை விட்டு, கால் பிறேக் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்தச் சேம்பர் ஊதுகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றை மாற்றினோம், சத்தம் போய்விட்டது.

இதை வாசித்துவிட்டு யாரும் சேம்பரைத் திறக்கப் போகாதீர்கள். உள்ளே அமுங்கி இருக்கும் ஸ்பிறிங் பாய்ந்தால் ஆளைக் கொல்லும். அப்புறம் இன்னொரு பழக்கம்: காத்து இல்லாமல் பிறேக் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் உள்ள போல்ட்டை முறுக்கி ஸ்பிறிங்கை இழுத்துவிட்டு ஓடுவது. கராஜ் வரைக்கும் கட்டி இழுத்து வருவதற்குத்தான் அந்த வழி. அப்படியே பாரம் ஏற்றி ஓடினால் அந்தச் சில்லுக்கு ஹேண்ட் பிறேக்கும் இல்லை, காத்து போனால் தானாகப் பிடிப்பதும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது இன்னொரு லொறி. அதில் பஸர் வயரை வெட்டிவிட்டிருந்தார்கள். காத்து 60 றாத்தலுக்குக் கிட்ட இறங்கும்போது கத்துவதற்குத்தான் அந்தப் பஸர். கத்துவது தொந்தரவு என்று வெட்டினார்களாம். அதே லொறி நெல்லை இறக்கிவிட்டு, கண்டியிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு மகியங்கனைக்கு மேலே இருக்கும் 18 வளைவு வழியாக இறங்கி, பதியத்தலாவ, மகா ஓயா, செங்கலடி என்று வருகிற லொறி. மட்டக்களப்பு மட்டமான பூமி, இங்கே லீக்கோடும் காலத்தை ஓட்டிவிடலாம். மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்கக் காத்து செலவாகும், லீக்கும் சேர்ந்தால் கொம்பிரசர் எட்டிப்பிடிக்காது.

மாரியில் டேங்க் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள். நிற்கிற தண்ணீர் துருவாகி வால்வுகளின் வாயில் போய் உட்கார்ந்தால் புதுப்புதுச் சீறல்கள் தொடங்கும். தண்ணீரோடு எண்ணெய் அதிகமாக வந்தால் கொம்பிரசரைப் பார்க்கவேண்டும். கிறீச் என்ற சத்தமும், மிதிக்கும்போது வரும் 'கடக்'கும் காத்துப் பழுதில்லை, சில்லுக்குள் இருக்கும் பிறேக் லைனிங், டிரம், கேம் புஷ் பக்கம் பாருங்கள்.

முதலாளிமார் சாரதிகளுக்குக் கொஞ்ச நேரம் கொடுக்கவேண்டும். வயல் கரையில் மூட்டை ஏறும்வரை லொறி சும்மாதானே நிற்கிறது? அப்போதே காத்தை நிரப்பி, கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிறேக்கை விட்டுக் கேஜைப் பாருங்கள். நிமிடத்துக்கு 2 றாத்தலுக்கு மேல் இறங்கக்கூடாது, மிதித்துப் பிடித்தால் 3. அதற்கு மேல் இறங்கினால் மூட்டை ஏற்றுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
லொறி மெக்கானிக் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.