புரையைத் தாண்டியும் கொஞ்சம் பாருங்க

கொங்குச் சீமையில் இலவசக் கண் முகாம் நடத்தும் சங்கத்தார், கோயில் கமிட்டியார், மில் முதலாளிமார் எல்லோருக்கும் வணக்கமுங்க.

எங்கள் அப்பாரு சென்னிமலையில் ஐம்பது வருசம் கைத்தறி நெய்தவர். ஒரு நாள் தறிக்குழியில் உட்கார்ந்ததும், நீளவாக்கில் ஓடும் நூலைப் பார்த்து, "பாவு நெளியுதே, யாரு பிணைச்சது?" என்று சத்தம் போட்டார். அச்சைப் பார்த்தோம், விழுதைப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. அவர் கண்ணைத்தான் யாரும் பார்க்கவில்லை.

அந்த மாதமே ஒரு முகாம் நடந்தது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே எழுத்தைப் படித்தார். நல்ல கண் கெட்ட கண்ணுக்கும் சேர்த்துப் படித்துவிட்டது. "லேசாப் புரை இருக்குது, முத்தட்டும், அடுத்த வருசம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருசம் இடக்கண்ணுக்கு எதிரில் நிற்பவர் முகம் மட்டும் தெரியவில்லை. வயதில் வரும் மாகுலா தேய்வு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோய்; அதிலும் குழாய் கசியும் ஈர வகை. கசிந்து கசிந்து தழும்பாகிவிட்டது. தழும்பு விழுந்த இடத்துக்கு, கண்ணுக்குள் போடும் ஊசியும் பார்வையைத் திருப்பித் தராது.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தது. அதே வருசம் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்றைக்குப் பெரிய எதிரி புரைதான். அந்தப் பழக்கத்தில் இன்றும் முகாம் என்றாலே புரை என்றாகிவிட்டது.

இந்த நோயின் சூட்சுமம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நட்டநடுவில் ரத்தக்குழாயே கிடையாது. பின்னாலுள்ள கோராய்டு என்ற குழாய்ப் படுகையிலிருந்து ஊறிவருவதுதான் அதற்குச் சாப்பாடு. கீழ்பவானி வாய்க்காலுக்குக் காங்கிரீட் போட்டால் கசிவு நின்று கிணறு வற்றும் என்று நம் விவசாயிகள் மல்லுக்கு நின்றார்களே, அதே கதைதான். வயதாக ஆக விழித்திரைக்கும் கோராய்டுக்கும் நடுவிலுள்ள சவ்வு தடிக்கிறது, கழிவு படிகிறது, நுண்குழாய்களும் சுருங்குகின்றன. பட்டினி கிடக்கும் கண் புதுக்குழாய்களை வரவழைக்கிறது. அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்கள் ஒழுகுகின்றன. குழாயை முளைக்க வைக்கும் புரதத்தை அடக்குவதுதான் கண்ணுக்குள் போடும் ஊசியின் வேலை.

இப்போது கையில் சாய ஊசி போடாமலே, ரத்த அணுக்களின் அசைவைக் கொண்டு அந்த ஓட்டத்தைப் படமெடுக்கும் ஸ்கேன் வந்திருக்கிறது. முதலில் வாடுவது குழாயா, விழித்திரையைப் பேணும் நிறமி செல்களா என்ற வழக்கு ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் தீரவில்லை. அது அவர்கள் பாடு.

நம் பாடு ஓர் அட்டை. ஆம்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர் பெயரில் உள்ள கட்டம் போட்ட அட்டை. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, ஓரடி தூரத்தில் பிடித்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். பிறகு மறு கண். கோடு நெளிந்தாலோ, நடுவில் மறைந்தாலோ, அந்த வாரமே விழித்திரை டாக்டரிடம் அனுப்புங்க. அப்பாருவிடம் இப்போது அதைக் காட்டினேன். "இது பாவும் ஊடையுந்தான கண்ணு, அன்னைக்கே காட்டியிருந்தாச் சொல்லியிருப்பனே" என்றார்.

பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்க. இந்த நோய்க்குப் புகையைப் போலத் தீனி வேறில்லை.

இன்னொன்று. புரை ஆபரேஷன் மாதிரி இது ஒரே நாளில் முடியாது. ஊசி திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும். கறுப்புக் கண்ணாடி போட்ட நூறு பேரை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்கவும் வழியில்லை. அது உங்களுக்குச் சங்கடம்தான், தெரியும். ஆனாலும் மேடைக்கும் சால்வைக்கும் ஆகிற காசில் நாலு பேருக்குக் கோயம்புத்தூர் போய்வரும் பஸ் செலவை ஒரு வருசத்துக்கு ஏற்றுக்கொள்ளலாமுங்க. அடுத்த முகாமுக்கு அட்டைகளை நானே அச்சடித்துக் கொண்டுவருகிறேன். தேதி மட்டும் சொல்லிவிடுங்க.