ஞாயிறு கலந்துரையாடல்: டாக்டர் வெங்கடசாமி

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு இரவு 8 மணிக்கு நம் குழுவில் பேசப்போவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றி. மருத்துவமனை நிர்வாகம் படிப்பவர்கள் கட்டாயம் வாருங்கள்.

1918இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அந்தக் கையோடுதான் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்து பாடம் எடுத்தார், கிராமங்களில் முகாம் நடத்தினார். 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த்.

நாம் பேச வேண்டியது அவருடைய தியாகத்தை அல்ல, அது எல்லாருக்கும் தெரியும். அந்த அறுவை அரங்கைப் பாருங்கள்: ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயார். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் போதும். தயார்ப்படுத்தும் வேலையெல்லாம் அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கையில். கட்டணம் தருபவர்களின் பணத்தில்தான் இலவச சிகிச்சையும் ஓடுகிறது. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுப்படியாகவில்லையா? சரி, நாமே செய்வோம் என்று 1992இல் அரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை அதுதான். மறுப்பவர்கள் ஞாயிறு வந்து சண்டை போடலாம்.

உங்கள் மருத்துவமனையில் இரண்டு மேசை முறை ஏன் ஓடாது என்று யோசித்து வையுங்கள். குரல் பதிவு இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். அதுவரை காலை வணக்கப் படங்கள் வேண்டாம், ப்ளீஸ்.