பாங்காக் போறவங்களுக்கு ஹோட்டல் லிஸ்ட் வேணாம், அந்த மஞ்சள் கொடியைப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை சுற்றுலாப் பக்கத்துல பாங்காக்ல நம்ம சாப்பாடு எங்க கிடைக்கும்னு வரிசையா இந்தியன் ரெஸ்டாரன்ட் பேரா போட்டிருந்தீங்க. எழுதினவரைக் குறை சொல்லல, ரெண்டு நாள் சோறு சரியில்லன்னா இட்லி எங்கன்னு தேடுற ஆள்தான் நானும். ஆனா அத்தனை காசு செலவு பண்ணி அந்த ஊருக்குப் போய் மூணு வேளையும் பன்னீர் பட்டர் மசாலாதான் சாப்பிடணுமா சார், அதுவும் இங்க குடுக்கிறதை விட மூணு மடங்கு விலைக்கு.

இதை நான் பட்டுட்டுதான் சொல்றேன். போன வருஷம் அம்மா, வீட்டுக்காரி, பையன் எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஒரு டூர் பேக்கேஜ்ல போனேன். பஸ் நேரா ஒரு இந்தியன் பஃபே வாசல்ல நிக்கும், உள்ள நம்ம மாதிரியே நாலு பஸ் கூட்டம், ஆறிப்போன பூரி, தண்ணியா ஒரு சாம்பார். ரெண்டு நாள் பொறுத்தோம். மூணாவது நாள் சாயந்திரம் நாங்களே கிளம்பி ஒரு டுக் டுக்காரர், அதாவது அந்த ஊர் ஆட்டோக்காரர்கிட்ட நல்ல கடையா பாத்து விடுங்கன்னு சொன்னோம் பாருங்க, அதுதான் பெரிய தப்பு. அவர் கொண்டு போய் விட்டது ஒரு மீன் ஹோட்டல், போர்டுல விலை கம்மியாதான் போட்டிருந்துச்சு, பில் வந்தப்புறம்தான் அது நூறு கிராமுக்கான விலைன்னு புரிஞ்சுது. ரூமுக்குத் திரும்பி வந்து ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுகிட்ட சொன்னா, அந்த டுக் டுக்காரருக்கு அங்க கமிஷன் உண்டுன்னு சிரிக்குது. அம்மா அன்னைக்கு ராத்திரி வெறும் வாழைப்பழம்தான்.

மறுநாள் காலைல அந்தப் பொண்ணுதான் ஒரு விஷயம் சொல்லிக்குடுத்துச்சு, உங்க பேப்பர் மாதிரி பேப்பர்ல வரவேண்டியது அதுதான். மஞ்சள் துணியில சிவப்பு எழுத்து போட்டு ஒரு சின்னக் கொடி தொங்கும், அந்த எழுத்தை "ஜே"ன்னு படிக்கணும், அது இருந்தா கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. அங்க இருக்கிற சீனக்காரங்க வழக்கம் அது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்பது நாள் இதையே பெரிய விழாவா கொண்டாடுறாங்க, அப்ப யாவரத்ங்கிற சைனா டவுன் தெரு பூரா மஞ்சள் கொடியா இருக்குமாம். பெரும்பாலும் நம்ம நவராத்திரி வர்ற அதே நாள்ல வரும், பாங்காக்லயே சிலோம்ங்கிற ஏரியாவுல நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல கட்டின மாரியம்மன் கோயில்லயும் அப்ப பெரிய கூட்டம். அந்த நேரம் பாத்து சைவக்காரங்க போனா ராஜ வாழ்க்கை.

நாங்க போனது விழா நேரம் இல்ல, ஆனாலும் ரெண்டு தெரு தள்ளி ஒரு ஜே கடை இருந்துச்சு. தட்டு தட்டா குழம்பு, பொரியல் எல்லாம் முன்னாடி வச்சிருக்காங்க, கை காட்டினா சோத்து மேல ஊத்திக் குடுக்கிறாங்க, பாஷையே தேவையில்ல. அம்மா ஒரு தட்டைப் பாத்துட்டு "டேய் இது வாத்துக்கறிடா"ன்னு எழுந்துட்டாங்க, பாத்தா தோல் மாதிரி, வரி வரியா அப்படியே கறிதான். கடைக்கார அம்மா கொடியைக் காட்டி, பக்கத்துல இருந்த சோயா பாக்கெட்டை எடுத்துக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அப்புறம்தான் எங்க அம்மா உக்காந்தாங்க. அன்னைக்கு ரெண்டாவது தடவை சோறு வாங்கினது அவங்க மட்டும்தான்.

சைவத்துக்கு இன்னொரு வார்த்தை "மாங்ஸவிரத்", நம்ம மாமிசம் அதுக்குள்ள இருக்கு பாருங்க. ஆனா அதைச் சொன்னா முட்டை வரலாம், ஜே சொன்னா வராது. சாதாக் கடையில வெஜிடபிள்னு கேட்டா காய்தான் வரும், ஆனா மீன் சாஸ் ஊத்தித்தான் வரும், அவங்களுக்கு அது உப்பு மாதிரி, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. முட்டை வேணாம்னு தாய் பாஷைல சொல்ல நான் முயற்சி பண்ணி சிரிப்பாயிடுச்சு, முட்டைக்கும் கோழிக்கும் நம்ம எழுத்துல எழுதினா ரெண்டுமே "கை"தான், அவங்க காதுக்குத்தான் வித்தியாசம் தெரியுது.

எனக்கும் பையனுக்கும் சைவக் கட்டுப்பாடு இல்ல, நாங்க வேற மாதிரி தேடினோம். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு கழுத்துல ஐடி கார்டு தொங்கவிட்ட ஆபீஸ் ஆளுங்க எந்தச் சந்துக்குள்ள போறாங்கன்னு பாத்து பின்னாடியே போறது, அவ்வளவுதான் டெக்னிக், நாலு நாள்ல ஒரு தடவைகூட ஏமாறல. வாசல்ல ஆள் நின்னு கூப்பிடுற கடையைத் தாண்டிப் போயிடுவோம். அசோக் ஸ்டேஷன் பக்கத்துல டெர்மினல் 21 மால்ல அஞ்சாவது மாடி ஃபுட் கோர்ட்டும் மலிவு, முதல்ல ஒரு கார்டுல பணம் போட்டுக்கணும், மிச்சத்தைத் திருப்பித் தந்துடுறாங்க. யாவரத் மட்டும் திங்கக்கிழமை போகாதீங்க, நிறைய தள்ளுவண்டி அன்னைக்கு லீவு, நாங்க போய் சும்மா நடந்துட்டு வந்தோம்.

ஸ்டார் விஷயமும் உங்க பக்கத்துல இருந்துச்சு. நல்ல ஹோட்டலுக்கு ஸ்டார் குடுக்கிற மிச்செலின்ங்கிற டயர் கம்பெனியோட புக் பாங்காக்குக்கு வந்தது 2017 கடைசிலதான், அதுல ஜேய் ஃபாய்னு கண்ணுக்கு பெரிய கண்ணாடி மாட்டிக்கிட்டு கரி அடுப்புல நண்டு ஆம்லெட் போடுற அம்மாவுக்கு ஒரு ஸ்டார் குடுத்தாங்க, இப்ப அங்க மணிக்கணக்குல காத்திருக்கணும், குழந்தைங்களோட போறவங்களுக்கு ஆகாது. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே 1961ல தனத்ஸ்ரீ ஸ்வஸ்தின்னு அரச வம்சத்துக்காரர் ஒருத்தர், ஷெல் கம்பெனி சமையல் கேஸ் விக்கிறதுக்காக, கடை கடையா சாப்பிட்டு எழுத ஆரம்பிச்சிருக்கார். அங்க டயர்க்காரன், இங்க கேஸ்காரன்! அவர் நல்லா இருக்குன்னு சொன்ன கடைகள்ல பச்சைக் கிண்ணம் போட்ட போர்டு மாட்டியிருப்பாங்க. பழைய போர்டு, சமைக்கிற கை மாறியிருக்கலாம், இருந்தாலும் அதை நம்பி நுழைஞ்ச ஒரு நூடுல்ஸ் கடையை என் பையன் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கான்.

அதனால அடுத்த தடவை லிஸ்ட் போடுறப்ப ஓரமா ஒரு கட்டம் கட்டி அந்த மஞ்சள் கொடியைக் கலர்ல போடுங்க, பக்கத்துல பச்சைக் கிண்ணத்தையும் போடுங்க, வெட்டி பர்ஸ்ல வச்சுக்கிற அளவுல இருந்தா போதும். என் தங்கச்சி மாமியாரைக் கூட்டிக்கிட்டு அடுத்த மாசம் கிளம்புறா, அதுக்கு முன்னாடி வந்துட்டா ரொம்ப உபகாரமா இருக்கும்.

இப்படிக்கு,
உறையூர் வாசகர், திருச்சி